“செத்த பிறகும் அப்பாவுக்கு ஊசி மருந்தா?” ஆஸ்பத்திரி பில்லில் சிவப்புக் கோடு போட்ட மகன்!

சென்னை:

“விடியற்காலை 4 மணி 10 நிமிடத்துக்கு அப்பா செத்துப் போனார். 6 மணி 30 நிமிடத்துக்கு அவர் பெயரில் ஊசி மருந்து வாங்கியதாக பில்லில் போட்டிருக்கிறது. நடுவில் இருக்கிற அந்த இரண்டு மணி 20 நிமிடம்தான் சார் என்னைத் தூங்க விடவில்லை!”

இப்படிச் சொல்லிவிட்டு, ஒரு கட்டு காகிதத்தை நம் முன்னால் வைத்தார் அந்த 41 வயது மனிதர்.

வட சென்னைக்காரர். மண்ணடியில் ஓர் இரும்புக் கடையில் 18 வருடமாகக் கணக்கு எழுதுகிறார். “என் பெயர் வேண்டாம் சார். கடைக்கு நாலு பேர் வந்து போற இடம்” என்று கேட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரியின் பெயரையும் நாம் போடவில்லை. விவகாரம் இன்னும் முடியவில்லை.

ஆனால் இது அவர் ஒருவருடைய கதை மட்டும் அல்ல. இன்று மாலை ரெயிலில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். அவர் வீட்டிலும் இப்படி ஒரு பில் இருக்கும். பீரோவில் துணிக்கு அடியில் மடித்து வைத்திருப்பார்கள். பிரித்துப் பார்க்க மனம் வராது. இவர் பிரித்துப் பார்த்தார்.

நள்ளிரவு மூச்சுத் திணறல்

அப்பாவுக்கு வயது 71. அச்சாபீசில் புரூப் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 11 மணிக்கு மூச்சுத் திணறல் வந்தது.

“ஸ்டான்லி ஆஸ்பத்திரி எங்க வீட்டுக்குப் பக்கம்தான். ஆனா தெருவில எல்லாரும், ‘பெரியவரைத் தனியாருக்குக் கொண்டு போப்பா, அங்கேதான் உடனே கவனிப்பாங்க’ன்னு சொன்னாங்க. எனக்கும் பயம். ஆட்டோவில தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடினேன்” என்றார்.

நிமோனியா என்று சொல்லி வார்டில் சேர்த்தார்கள். சேர்க்கும்போது ஐந்தாறு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஒன்றையும் அவர் படிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை 7 மணிக்கு ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள். அப்புறம் வெண்டிலேட்டர் வைத்தார்கள்.

தினமும் காலையில் கவுன்ட்டரில் இருந்து போன் வரும். “சார், அட்வான்ஸ் கட்டணும்.” நாலு தவணையாக 3 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய் கட்டினார். சேமிப்பு, சீட்டுப் பணம், மைத்துனர் கொடுத்த கைமாற்று எல்லாம் அதில் போயிற்று.

அடுத்த செவ்வாய்க்கிழமை விடியற்காலை அப்பா கண்ணை மூடிவிட்டார்.

“பாக்கியைக் கட்டினால்தான் பாடி!”

காலை 7 மணிக்கு பில் வந்தது. மொத்தம் 6 லட்சத்து 84 ஆயிரம். கட்டியது போக பாக்கி 2 லட்சத்து 94 ஆயிரம் ரூபாய்.

“பாக்கியைக் கட்டிட்டு ரசீதைக் கொண்டு வாங்க சார். அப்பத்தான் பாடி தருவாங்க” என்று கவுன்ட்டரில் இருந்த பெண் சொல்லிவிட்டார்.

வீட்டில் பந்தல் போட்டாகிவிட்டது. ஊரில் இருந்து சொந்தக்காரர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். தெரு முனையில் பறை மேளக்காரர்கள் வந்து காத்திருந்தார்கள். பிணம் மட்டும் வரவில்லை.

திருவொற்றியூரில் இருந்து ஓடி வந்த தங்கை, ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே வளையலைக் கழற்றினார். “அண்ணா, அப்பாவை இப்படிக் குளிர் பெட்டியிலே விடாதே. இதை வச்சிட்டு வா” என்று அழுதார். அடகுக் கடை திறக்க 9.30 மணி ஆகும். அதுவரை கடை வாசல் படியில் உட்கார்ந்திருந்தார் மகன்.

நகைக்குக் கிடைத்தது 90 ஆயிரம். இரும்புக் கடை முதலாளி 60 ஆயிரம் கொடுத்தார். ஆக 1 லட்சத்து 50 ஆயிரத்தைக் கட்டினார். மீதி 1 லட்சத்து 44 ஆயிரத்தை 15 நாளில் தருவதாக எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் உடலை விட்டார்கள். அப்போது மணி பகல் 1.30.

அதாவது செத்த மனிதர் 9 மணி 20 நிமிடம் பில்லுக்காகக் காத்துக்கிடந்தார்!

டீக்கடையில் கேட்ட செய்தி

கருமாதி முடிந்த மறுநாளே ஆஸ்பத்திரியில் இருந்து போன். “மீதி எப்போ சார்?”

மனசு உடைந்துபோய் ஹைகோர்ட்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றிருக்கிறார். அங்கே வழக்கமாக டீ குடிக்க வரும் வக்கீல் குமாஸ்தா ஒருவர், “ஏன் தம்பி முகம் ஒரு மாதிரி இருக்கு?” என்று விசாரித்தார். இவர் நடந்ததைச் சொன்னார். குமாஸ்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“நகையை அடகு வைக்கலாம், நிலத்தை அடகு வைக்கலாம். பொணத்தை எவனாவது அடகு பிடிப்பானா தம்பி? பில்லு வேற, பாடி வேற! பாக்கி இருந்தா கோர்ட்டுல கேஸ் போட்டு வாங்கிக்கட்டும். பாடியைப் பிடிச்சு வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை” என்றார்.

“அண்ணே, இதை அன்னிக்கே யாராவது சொல்லியிருந்தா, என் தங்கச்சி கை மூளியா நின்னிருக்காதே!” என்று இவர் அங்கேயே அழுதுவிட்டாராம்.

சட்டம் என்ன சொல்கிறது?

குமாஸ்தா சொன்னது உண்மைதானா? நாம் விசாரித்த விவரம் வருமாறு:

தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் நோயாளிகளின் உரிமைச் சாசனம் ஒன்றைத் தயாரித்தது. மத்திய சுகாதார அமைச்சகம் அதை 2019-ல் மாநில அரசுகளுக்கு அனுப்பி, நடைமுறைப்படுத்தச் சொன்னது. பில் பாக்கி அல்லது பில் பற்றிய தகராறைக் காரணம் காட்டி நோயாளியைப் பிடித்து வைக்கக் கூடாது, இறந்தவர் உடலையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது.

டெல்லி ஐகோர்ட்டும் 2017-ல் ஒரு வழக்கில், பாக்கி இருந்தாலும் நோயாளியைப் பிணைக் கைதி மாதிரி வைத்துக்கொள்ள முடியாது என்று கண்டித்தது. அசாம் அரசு 2025 ஜூலையில் ஒரு படி மேலே போய், தனியார் ஆஸ்பத்திரிகள் பில்லுக்காக 2 மணி நேரத்துக்கு மேல் உடலை வைத்திருக்கக் கூடாது என்று அறிவித்தது.

மெடிக்கல் இன்சூரன்ஸ் உள்ளவர்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. சிகிச்சையின்போது பாலிசிதாரர் இறந்துவிட்டால், கம்பெனி உடனே கணக்கை முடித்து உடலை விடுவிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் போட்ட உத்தரவு இது. சாதாரண டிஸ்சார்ஜ் என்றால், ஆஸ்பத்திரி கேட்ட 3 மணி நேரத்துக்குள் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும்.

அதற்காகப் பாக்கியே கட்ட வேண்டாம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நியாயமான பாக்கி பாக்கிதான். ஆஸ்பத்திரி மூன்று வருடத்துக்குள் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு வசூல் செய்யலாம். அதுதான் முறை.

அப்பன் கடன் யார் தலையில்?

“அப்பன் பட்ட கடன் பிள்ளை தலையில்” என்று ஊரில் சொல்வார்கள். இந்துக் குடும்பங்களில் அந்தப் பழைய விதி 2005 செப்டம்பர் 9-ந் தேதியோடு போய்விட்டது. அன்று அமலுக்கு வந்த இந்து வாரிசு உரிமைத் திருத்தச் சட்டம், மகன் என்ற ஒரே காரணத்துக்காக அப்பாவின் புதுக் கடனை அவனிடம் கேட்க முடியாது என்று சொல்கிறது. அப்பா விட்டுப்போன சொத்து வாரிசு கைக்கு வந்திருந்தால், அந்த அளவுக்குத்தான் பொறுப்பு.

இங்கே ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கையெழுத்துப் போடுகிறோமே, அந்தக் காகிதத்தில் “செலவு முழுவதற்கும் நான் பொறுப்பு” என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போட்டால் மகனாக இருந்தாலும் மருமகனாக இருந்தாலும், பக்கத்து வீட்டுக்காரராகவே இருந்தாலும், அவரிடம் கேட்கலாம். நம் கணக்குப்பிள்ளை இரண்டு தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறார். சேர்க்கும்போது ஒன்று, உடலை வாங்கும்போது ஒன்று.

ஆகவே, “கட்ட மாட்டேன்” என்று அவர் சொல்ல முடியாது. ஆனால் “எதற்குக் கட்ட வேண்டும்?” என்று கேட்கலாம். அதைத்தான் கேட்டார்.

எடைச் சீட்டு பார்த்த கண்

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு காகிதம் கேட்டார். ஒன்று, அயிட்டம் அயிட்டமாகப் பிரித்துப் போட்ட விவர பில். இன்னொன்று, அப்பாவின் கேஸ் ஷீட் நகல்.

பில் உடனே கிடைத்தது. 38 பக்கம். கேஸ் ஷீட் மட்டும், “அது ஆஸ்பத்திரி ரிக்கார்டு, வெளியே தர முடியாது” என்றார்கள்.

குமாஸ்தா சொல்லிக் கொடுத்தபடி இவர் எழுத்து மூலம் மனு கொடுத்து, மனுவின் நகலில் சீல் வாங்கிக்கொண்டார். மருத்துவ கவுன்சிலின் 2002-ம் ஆண்டு ஒழுங்கு விதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் உரிமை உள்ளவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ரிக்கார்டு கொடுக்க வேண்டும். அந்த விதியை மனுவிலேயே குறிப்பிட்டிருந்தார். மூன்றாவது நாள் நகல் கைக்கு வந்தது.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தார். ஒரு பக்கம் பில், ஒரு பக்கம் கேஸ் ஷீட், கையில் ஸ்கேலும் சிவப்புப் பென்சிலும்.

“எங்க கடையில கம்பி லோடு வந்தா, பில்லை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்க மாட்டோம் சார். எடைச் சீட்டு, டெலிவரி சலான், பில் மூணையும் பக்கத்துல வச்சு டிக் அடிப்போம். ஒரு கட்டு குறைஞ்சாலும் தெரிஞ்சிடும். இதையும் அப்படித்தான் பார்த்தேன்” என்றார்.

நாலு இடத்தில் சிவப்புக் கோடு விழுந்தது.

ஒன்று: இறந்த நேரம் 4.10. ஆனால் 6.30 மணிக்கு ஊசி மருந்து, கையுறை, டியூப் என்று 9,840 ரூபாய்க்குப் பற்று.

இரண்டு: ஐ.சி.யூ.வில் இருந்தது செவ்வாய் மாலை 7 மணி முதல் அடுத்த செவ்வாய் விடியற்காலை வரை. 24 மணி நேரம் ஒரு நாள் என்று ஆஸ்பத்திரியின் கட்டண அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. அந்தக் கணக்குப்படி 7 நாள். பில்லில் தேதியை எண்ணி 8 நாள் போட்டிருந்தார்கள். ஒரு நாள் வாடகை 18,500 ரூபாய் கூடுதல்.

மூன்று: சிறப்பு டாக்டர் 21 தடவை வந்து பார்த்ததாக பில். கேஸ் ஷீட்டில் அவர் எழுதிய குறிப்பு 10 தான். மீதி 11 தடவைக்கு, தடவை 1,500 வீதம் 16,500 ரூபாய்.

நாலு: பிரிக்காமல் திருப்பிக் கொடுத்த மருந்து 27,460 ரூபாய். நர்சு கையெழுத்துப் போட்டு வாங்கிய சீட்டு இருக்கிறது. பில்லில் வரவு வைக்கவில்லை.

ஆக மொத்தம் 72,300 ரூபாய்.

நேரில் போய்ச் சத்தம் போடவில்லை. நாலு பாராவில் ஒரு கடிதம் எழுதினார். ஒவ்வொரு பாராவிலும் பில்லின் பக்க எண், கேஸ் ஷீட்டின் பக்க எண், தொகை. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தினார்.

ஆஸ்பத்திரி சொன்ன பதில்

பத்தாம் நாள் கூப்பிட்டு அனுப்பினார்கள். நிர்வாக அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார் என்கிறார்.

“மருந்தைப் பயன்படுத்துகிற நேரம் வேறு, கம்ப்யூட்டரில் பதிவாகிற நேரம் வேறு. அன்றைய நாளுக்கு முன்கூட்டியே எடுத்து வைத்த மருந்து அது. வேண்டும் என்று யாரும் செய்யவில்லை” என்று அதிகாரி விளக்கம் சொன்னார். பில் கட்டாமல் போகிறவர்களால் தங்களுக்கும் நஷ்டம் உண்டு என்றாராம்.

செத்தவருக்குப் பயன்படாத மருந்து, ஒரு நாள் வாடகை, திருப்பிய மருந்து, இந்த மூன்றையும் தள்ளுபடி செய்ய ஒப்புக்கொண்டார்கள். 55,800 ரூபாய் குறைந்தது. பாக்கி 88,200 ஆயிற்று.

டாக்டர் வந்த கணக்கை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. “டாக்டர் வந்து பார்த்தார், குறிப்பு எழுதவில்லை, அவ்வளவுதான்” என்றார்கள்.

தகராறு இல்லாத 71,700 ரூபாயை இவர் செக்காகக் கொடுத்தார். கூடவே, மீதி 16,500-க்கு ஆட்சேபம் இருக்கிறது என்று ஒரு கடிதமும் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிவிட்டார்.

“வைத்தியத்தில நான் குறை சொல்லலை சார். அந்த நர்சுப் பொண்ணுங்க எங்க அப்பாவை நல்லா பார்த்தாங்க. கணக்குல வந்த குறையைத்தான் சொல்றேன்” என்பது அவர் வாதம்.

நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

எந்த வாசகருக்கும் இந்த நிலைமை வரக் கூடாது. வந்துவிட்டால் இதை மனதில் வையுங்கள்:

சேர்க்கும்போதே கட்டண அட்டை கேளுங்கள். கையெழுத்துப் போடும் காகிதத்தைப் படித்துவிட்டு, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே காட்டுங்கள். ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு அது உண்டு. ஆனால் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில், திட்டத்தில் உள்ள சிகிச்சைக்குத்தான் செல்லும்.

தினமும் அன்றைய பில்லைக் கேட்டு வாங்குங்கள். திருப்பிக் கொடுக்கும் மருந்துக்குக் கண்டிப்பாகச் சீட்டு வாங்குங்கள். அட்டையில் அச்சடித்த விலைக்கு மேல் மருந்துக்குப் பணம் கேட்கக் கூடாது. ஐ.சி.யூ. படுக்கைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

மரணம் நேர்ந்துவிட்டால், இறப்புக் காரணச் சான்றிதழை டாக்டர் இலவசமாகத் தர வேண்டும். அதில் உள்ள நேரத்தைப் பாருங்கள். பின்னால் பில்லைச் சரிபார்க்க அதுதான் ஆதாரம். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்வது சட்டம்.

உடலைத் தர மறுத்தால் கூச்சல் வேண்டாம், கண்ணாடியை உடைக்க வேண்டாம். அப்படிச் செய்தால் வழக்கு உங்கள் மேலேயே திரும்பும். “உடலைக் கொடுங்கள், பில் பற்றிப் பிறகு பேசுகிறோம்” என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். மறுத்தால் 100-க்கு போன் செய்து போலீசைக் கூப்பிடுங்கள்.

தமிழ்நாட்டில் தனியார் ஆஸ்பத்திரிகள் 1997-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய வேண்டும். மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குனரிடம் புகார் கொடுக்கலாம். சென்னையில் இயக்குனர் அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. மெட்ரோ ரெயிலில் அந்தப் பெயரிலேயே ஸ்டேஷன் உண்டு.

வேறு வழி இல்லாமல் முழுப் பணத்தையும் கட்ட நேர்ந்தால், “ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்” என்று எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுத்துப் பெறும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1995-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கட்டிய பணம் 5 லட்சம் வரை இருந்தால் கோர்ட்டுக் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். யோசனை கேட்க 1915 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம்.

“அப்பா பென்சில் சார்”

16,500 ரூபாய்க்காக இன்னும் அலைய வேண்டுமா? தங்கையின் வளையலை மீட்கிற வழியைப் பார்க்கக் கூடாதா? நாம் கேட்டோம்.

“வளையலைப் போன மாசம் மீட்டுட்டேன் சார். முதலாளி சம்பளத்துல பிடிச்சுக்கிறேன்னு சொல்லிட்டார்” என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. சட்டைப் பையில் இருந்து ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்துக் காட்டினார். பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது.

“இது அப்பா பென்சில். முப்பது வருஷம் புரூப் பார்த்தார். ஒரு கால் எழுத்து விட்டுப் போனாலும் சுழிச்சு, ஓரத்துல எழுதி, திருத்தி வந்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். ‘தப்புன்னு தெரிஞ்சப்புறம் விட்டா, அந்தத் தப்பு நம்மளது’ன்னு சொல்வார். அவரு பில்லுல நான் எப்படி சார் தப்பை விட முடியும்?”

அம்மா என்ன சொல்கிறார்? “அவரைத்தான் அன்னிக்கு ஒன்பது மணி நேரம் காக்க வச்சாங்க. கணக்காவது நேரா இருக்கட்டும் ராசா, போயிட்டு வா” என்றாராம்.

டாக்டர் குறிப்பு இல்லாத 11 தடவைக்கும் பட்டியல் தயார். அடுத்த வாரம் ஒரு நாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு நுகர்வோர் ஆணையத்தின் படி ஏறப்போகிறார். காகிதக் கட்டு ரெடி. பக்க எண் போட்டு, நூல் கோத்து வைத்திருக்கிறார்.